கிரீஸ் மந்திரம் தீப்பிடிக்குமா? டி அண்ட் டி மந்திரங்களைப் புத்தியோடு பயன்படுத்துவது பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி, டேபிளைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி, டைஸ் உருட்டி ஆடுகிற விளையாட்டு) ஆட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, முதல் லெவல் விசார்ட் (மந்திரவாதி), கையில் ரெண்டே ரெண்டு ஸ்பெல் ஸ்லாட் (ஒரு மந்திரம் போட்டால் ஒன்று செலவாகும்). மற்றவர்கள் மந்திரத்தை வைத்து என்னென்னவோ வித்தை காட்டுகிறார்கள், நான் ஏதாவது புதிதாகச் சொன்னால் எங்கள் டி.எம். (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்கிறவர்) ‘புத்தகத்தில் அப்படிப் போடவில்லையே’ என்று முடித்துவிடுகிறார். நான் கேட்பது தப்பா, அவர் ரொம்பக் கறாரா?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். நான் பெரும்பாலும் டி.எம். நாற்காலியில் உட்காருகிறவன், அதனால் அவர் பக்கம் லேசாகச் சாய்வேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஸ்லாட் பஞ்சத்தைப் பார்த்துவிடுவோம். ரெண்டு ஸ்லாட், ஆர்கேன் ரிகவரி என்ற விசார்டின் திறனால் திரும்பக் கிடைப்பது ஒன்று, ஆக நாளுக்கு மூன்று. குறைச்சல்தான். ஆனால் ரிச்சுவல் என்று குறி போட்ட மந்திரம் உங்கள் ஸ்பெல்புக்கில் இருந்தால், 10 நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து ஸ்லாட் செலவில்லாமல் போடலாம், விசார்டுக்கு இது பெரிய வரம். ‘அன்சீன் சர்வண்ட்’, ‘டென்சர்ஸ் ஃப்ளோட்டிங் டிஸ்க்’, ‘அலாரம்’, ‘ஃபைண்ட் ஃபெமிலியர்’ எல்லாமே முதல் லெவல், எல்லாமே ரிச்சுவல். புதிதாக வருகிறவர்கள் அடிக்கிற மந்திரமாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அன்சீன் சர்வண்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையாள். பலம் 2, உயிர்ப்புள்ளி 1, ஒரு மணி நேரம் கூட இருக்கும். சண்டைக்கு உதவாது. ஆனால் பாழடைந்த கோட்டையில் ஒரு பெட்டி மூடிக் கிடக்கிறது, அதில் விஷ ஊசிப் பொறி இருக்கலாம் என்று சந்தேகம், நீங்கள் 50 அடி தள்ளித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு ‘திற’ என்று சொன்னால் போதும். போனால் போவது அந்த ஒரு புள்ளிதான். என் டேபிளில் ஒருவர் அதன் மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தி, கையில் ஒரு லாந்தரைக் கொடுத்து, கொள்ளைக்காரர்கள் தங்கியிருந்த மண்டபத்துக்குள் மெதுவாக நடக்கவிட்டார். உருவமே இல்லாத ஒன்றின் மேல் துணி நிற்குமா என்று புத்தகம் சொல்லவில்லை. நிற்கும் என்று சொல்லிவிட்டேன், பேயைப் பார்த்து ஓடுகிற கொள்ளைக்காரர்களை நடிக்கிற வாய்ப்பை எந்த டி.எம். விடுவான்?

ஃப்ளோட்டிங் டிஸ்க் 3 அடி விட்டமுள்ள ஒரு வட்டத் தட்டு, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் உங்கள் பின்னாலேயே வரும், 500 பவுண்ட் தாங்கும், அதாவது கிட்டத்தட்ட 225 கிலோ. மயங்கி விழுந்த ஃபைட்டரைக் கவசத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓட இதைவிட நல்ல வழி அந்த லெவலில் கிடையாது. (டென்சர் யார் என்றால், விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் மகன் எர்னி ஆடிய விசார்ட். எர்னெஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் டென்சர்.)

சரி, உங்கள் டி.எம். ஏன் மறுக்கிறார் என்பதற்கு வருகிறேன். டி அண்ட் டி வட்டாரத்தில் ரொம்ப நாளாகச் சுற்றுகிற ஒரு வேடிக்கைக் கணக்கு உண்டு. ஆயிரக்கணக்கான குடியானவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் பக்கத்து ஆளுக்கு ஈட்டியைக் கைமாற்றத் தயாராக இருக்கிறார்கள் என்று வைத்தால், விதிப்படி எல்லாம் ஒரே சுற்றுக்குள், அதாவது 6 விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும். அப்படியானால் ஈட்டி மைல் கணக்கில் பறந்திருக்க வேண்டும், அந்த வேகத்தில் கடைசி ஆள் விட்டால் டிராகன் தூள் தூள். இதில் ஏமாற்று எங்கே என்று பாருங்கள். ஈட்டி நகரும்போது விதிப்புத்தகத்தைப் பிடித்துக்கொள்கிறோம், ஈட்டி குத்தும்போது அதை மூடிவைத்துவிட்டு இயற்பியல் புத்தகத்தைத் திறக்கிறோம். 2024ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு இதைப் பெயர் சொல்லாத குறையாகக் குறிப்பிட்டு, விதிகள் இயற்பியல் கிடையாது என்று எழுதியே வைத்துவிட்டது.

புத்திசாலித்தனம் என்ற பெயரில் டேபிளுக்கு வருகிற யோசனைகளில் பாதி இந்த ரகம்தான். ‘கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர்’ என்று கிளெரிக் என்கிற பூசாரிகளும் ட்ரூயிட் என்கிற இயற்கை மந்திரவாதிகளும் போடுகிற முதல் லெவல் மந்திரம் ஒன்று இருக்கிறது, 10 காலன் நல்ல தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் உண்டாக்கும். இந்த மந்திரம் கைக்கு வந்த முதல் நாளே எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: எதிரியின் நுரையீரலுக்குள் தண்ணீரை உண்டாக்கினால்? நுரையீரல் திறந்த பாத்திரம் இல்லை, உங்களுக்கும் அதற்கும் நடுவே தடையில்லாத பாதையும் இல்லை, இந்த இரண்டே போதும் மறுக்க. ஆனால் நான் வைத்திருக்கிற அளவுகோல் வேறு. ஒரு ஆளை சேவிங் த்ரோகூட (தப்பிக்க அவன் பக்கம் உருட்டுகிற டைஸ்) இல்லாமல் அப்படியே சாய்ப்பது ‘பவர் வேர்ட் கில்’ செய்கிற வேலை. அது 9ஆம் லெவல் மந்திரம், அதுவும் 100 உயிர்ப்புள்ளிக்கு மேல் இருக்கிறவனிடம் அந்தச் சாய்க்கிற வேலை நடக்காது. முதல் லெவல் ஸ்லாட்டில் அந்த வேலை நடக்கும் என்று உங்கள் யோசனை சொன்னால், யோசனையில்தான் எங்கோ ஓட்டை.

அதே மந்திரத்தில் இன்னொரு வரி இருக்கிறது, பலர் படிப்பதே இல்லை. தண்ணீரை 30 அடிக் கனசதுரத்தில் மழையாகவும் பொழிய வைக்கலாம், அதற்குள் திறந்தபடி எரிகிற நெருப்பெல்லாம் அணைந்துவிடும். இருட்டில் கண் தெரிகிற குள்ளர்களும் எல்ஃப்களும் உங்கள் கூட்டத்தில், சுவரில் பந்தம் ஏற்றிவைத்துக் காவல் நிற்கிற மனிதர்கள் எதிரே. ஒரு மழை, காவல்காரர்கள் குருடர்கள். இதற்கு எந்த டி.எம்.மும் மறுப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு எழுத்துகூட நீங்கள் வளைக்கவில்லை.

தண்ணீரை உறைய வைக்கிற ‘ஷேப் வாட்டர்’ மந்திரத்தை வைத்துப் பூட்டை உடைக்கிற கதையும் இதே மாதிரி. சாவித் துவாரத்தில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் ஐஸ் விரிந்து பூட்டு வெடித்துவிடும் என்பார்கள். ஐஸ் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், உண்மைதான். ஆனால் துவாரம் ஒரு பக்கம் திறந்திருக்கிறதே, விரிகிற ஐஸ் அந்த வழியாக வெளியே பிதுங்கிவிட்டுப் போகிறது. இயற்பியலைத் துணைக்குக் கூப்பிட்டால் அதையாவது முழுசாகக் கூப்பிட வேண்டும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தப்பி ஓடுகிறீர்கள், கதவைச் சாத்திவிட்டுத் துவாரத்தில் தண்ணீர் ஊற்றி உறைய வைக்கிறீர்கள். துரத்தி வருகிறவனிடம் சாவி இருக்கிறது, ஆனால் உள்ளே நுழையாது. அந்த ஐஸ் ஒரு மணி நேரம் உருகாது என்று மந்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

இனி தலைப்பில் கேட்ட ‘கிரீஸ்’ மந்திரம். 10 அடிச் சதுரத்துக்குத் தரையில் வழுவழுப்பு, கால் வைக்கிறவன் சேவிங் த்ரோ தவறினால் விழுவான், ஒரு நிமிடம் நிற்கும், கான்சன்ட்ரேஷனும் (மந்திரம் நிற்கப் போட்டவர் கவனம் கலையாமல் இருப்பது) தேவையில்லை. நீங்கள் போடும்போது கையில் இருக்க வேண்டியது கொஞ்சம் பன்றித் தோல் அல்லது வெண்ணெய். வெண்ணெய் என்று படித்ததுமே அடுத்த ஆள் நெருப்பை எறிகிற ‘ஃபயர் போல்ட்’டை எடுத்துவிடுவார். 2014 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் (ஆடுகிறவர்களுக்கான விதிப்புத்தகம்) அது எரியும் என்றும் இல்லை, எரியாது என்றும் இல்லை, அதனால் பத்து வருஷம் டேபிளுக்கு டேபிள் சண்டை. 2024 பதிப்பில் முதல் வரியிலேயே ‘தீப்பிடிக்காத’ என்று ஒரு சொல்லைச் செருகிவிட்டார்கள். அத்தனை பேர் பற்ற வைக்கப் பார்த்ததால்தான் அந்தச் சொல் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன், ஒரு வகையில் வெற்றிதான். என்னைக் கேட்டால் கிரீஸை எரிப்பது சோம்பேறி யோசனை. படிக்கட்டின் உச்சியில் போடுங்கள். இழுவைப் பாலத்தின் நடுவில் போடுங்கள். 3.5 பதிப்பில் இதை ஒருவன் கையிலிருக்கிற வாளின் மேலேயே போடலாம், பிடி வழுக்கி விழும். இப்போது தரைக்கு மட்டும்தான்.

பழைய பதிப்புகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அங்கே மந்திரத்துக்கு எடையும் கன அளவும் இருந்தன. 1978ல் வந்த அட்வான்ஸ்டு ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ‘ஃபயர்பால்’ போட்டால் சுமார் 33,000 கன அடி நெருப்பு உண்டாகும், அறை சின்னதென்றால் மிச்ச நெருப்பு வந்த வழியே திரும்பி உங்கள் மேலேயே பாயும். ‘லைட்னிங் போல்ட்’ சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஃபயர்பாலின் சூட்டில் தங்கமும் வெள்ளியும் உருகும், அதாவது டிராகனின் புதையல் மேல் போட்டுவிட்டு அப்புறம் பங்கு பிரிக்க உட்கார்ந்தால் ஒரே கட்டி. அந்தக் காலத்தில் மந்திரம் போடுமுன் பென்சிலை எடுத்து அறையின் நீள அகல உயரத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் பதிப்பு (மேலே சொன்ன 2014, 2024 புத்தகங்கள்) அதையெல்லாம் எடுத்துவிட்டது, 20 அடி ஆரம், சேதத்துக்கு 8 ஆறுமுக டைஸ், முடிந்தது. ஆட்டம் வேகமானது நல்லதுதான், ஆனாலும் அந்தத் திரும்பி வருகிற மின்னல் எனக்கு இன்னும் ஏக்கம்தான்.

நான் பார்த்ததிலேயே பிடித்த வித்தை ஒரு கடிதத்தைப் பற்றியது. ஸ்லாட்டே செலவாகவில்லை, எல்லாம் கான்ட்ரிப் (ஸ்லாட் இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் போடுகிற சின்ன மந்திரம்), அதனால் உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஒரு பிரபு நம் ஆட்களைக் கூப்பிட்டு, சிவப்பு அரக்கு முத்திரை வைத்த ஒரு கடிதத்தைக் கொடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோட்டைத் தலைவனிடம் சேர்க்கச் சொல்கிறார். விசார்டாக ஆடியவர் பகலில் கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், கடிதத்தை வாங்கியதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரவு கூடாரத்தில், சில்லறை வேலைகளுக்கான ‘ப்ரெஸ்டிடிஜிடேஷன்’ என்ற கான்ட்ரிப்பை வைத்து, டி.எம்.மான என்னிடம் ஆரம்பித்தார்.

“ப்ரெஸ்டிடிஜிடேஷன்ல சூடாக்கலாம்தானே, அரக்கு உருகுமா?”

“வெதுவெதுப்புதான் வரும். கொஞ்சம் இளகும், உருகாது.”

“போதும்ணா. கத்தி முனையால ஒரே இழுப்பு, முத்திரைக்கு நடுவுல. நொறுங்கக் கூடாது, ஒரே வெட்டா இருக்கணும்.”

ஒரே வெட்டு என்று ஏன் அழுத்துகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ‘மெண்டிங்’ மந்திரம் ஒரு பொருளில் ஒரு விரிசலைத்தான் சேர்க்கும், ஒரு அடிக்கு மேல் போகக் கூடாது, ஆனால் சேர்த்த பிறகு உடைந்த சுவடே தெரியாது. அந்தக் கடைசிச் சொற்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன. முத்திரை நாலாக நொறுங்கியிருந்தால் நிமிடக் கணக்கில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அரக்குத் துகள் ஒன்று தொலைந்தாலும் தீர்ந்தது.

கடிதத்தைப் பிரித்தார்கள். ‘இதைக் கொண்டுவருகிறவர்களை அன்று இரவே கொன்றுவிடவும்’ என்று இருந்தது. ஐந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே, ப்ரெஸ்டிடிஜிடேஷன் ஒரு பொருளைச் சுத்தம் செய்யும், அப்படியானால் அந்த வரியைத் துடைத்துவிடலாமா என்றார். இல்லை, மை அழுக்கு இல்லை, எழுத்து என்றேன். அரை நிமிடம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, சுத்தம் பண்ணும் இல்லன்னா அழுக்காக்கும்னு போட்டிருக்கே. அழுக்காக்குறேன். அந்த ஒரு வரி மேல மட்டும்.” மாட்டிக்கொண்டேன். நிறம் மாற்றினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அழுக்காக்குவது அந்த நொடியே நடந்து முடிகிற காரியம், அந்தக் கறை அப்படியே இருக்கும். எங்கே படும் என்று மந்திரம் சொல்லாததால் கைத்திறனுக்கு ஒரு டைஸ் உருட்டச் சொன்னேன், 12 வேண்டும், 17 விழுந்தது. மெண்டிங் போட்டு முத்திரையை ஒட்டிவிட்டு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கோட்டைத் தலைவன் முத்திரையைச் சோதிக்கிறான், சரியாக இருக்கிறது, பிரிக்கிறான், நடுவில் ஒரே மைக்கறை. “உங்கள் பிரபு எழுதும்போது தூங்கிவிட்டாரா?” என்று அவன் இவர்களையே கேட்க, இவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா, எங்களுக்கு விருந்து வைத்து அனுப்பச் சொல்லியிருப்பார் என்று.

ஒவ்வொரு கட்டத்திலும் அவர் செய்தது மந்திரத்தின் வரியைப் படித்து, அதில் இருக்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான். மெண்டிங் மெண்டிங்காகவே இருந்தது. அதைக் கிழிந்த சட்டைக்குப் போடாமல் அரக்குக்குப் போட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘மைனர் இல்யூஷன்’ பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், 5 அடிக்குள் அடங்குகிற ஒரு பொய்ப் பீப்பாயை உண்டாக்கி அதற்குள் குந்திக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். அதன் ஒலிப் பக்கத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். கிசுகிசுப்பிலிருந்து அலறல் வரை எந்த ஒலியும், இன்னொருவர் குரலும்கூட. எதிரித் தளபதி பேசுவதை ஒருமுறை கேட்டுவைத்துக்கொண்டு, சண்டை நடுவில் அவன் குரலிலேயே ‘பின்வாங்குங்கள்!’ என்று 30 அடிக்குள் எங்கிருந்தாவது ஒலிக்க விடுங்கள். எல்லோரும் ஓட மாட்டார்கள், நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே உங்கள் கூட்டத்தில் மறைந்து தாக்குகிற ரோகுக்குப் போதும்.

‘கமாண்ட்’ உங்கள் விசார்டுக்குக் கிடைக்காது, கிளெரிக்கிடம் இருக்கும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தமிழில் பேசி ஆடுகிறவர்களுக்கு இதில் ஒரு தனித் தலைவலி. மந்திரம் என்னவென்றால் ஒற்றைச் சொல்லில் ஒரு கட்டளை, கேட்டவன் சேவிங் த்ரோ தவறினால் தன் அடுத்த முறையில் அதைச் செய்வான். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் ஒரு சொல்தான். தமிழில்? எங்கள் கிளெரிக் ஒருநாள் நிமிர்ந்து உட்கார்ந்து “கழற்றிவைத்துவிட்டுப்போ” என்றார். சேர்த்து எழுதினால் ஒரே சொல் என்று வாதம். கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் மூச்சு விடாமல் சொன்னால் மட்டும் போதாது, ஒரே ஒரு வினைதான் இருக்கலாம் என்று நான் விதி வைத்தேன். உடனே “அரசனிடம் மரியாதையாக ‘விழுங்கள்’ என்று சொல்லலாமா, இல்லை ‘விழு’தானா?” என்று அடுத்த கேள்வி.

2014 புத்தகத்தில் மாதிரிக்கு ஐந்து சொல் கொடுத்துவிட்டு, வேறு சொல்லும் சொல்லலாம், டி.எம். பார்த்து முடிவு செய்வார் என்று விட்டிருந்தார்கள். 2024ல் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள், அந்த ஐந்து மட்டும்தான். தமிழில் ஐந்துமே ரெண்டெழுத்துக்குள் அடங்கிவிடும்: வா, போடு, ஓடு, விழு, நில். எனக்கு இது நஷ்டமாகப் படுகிறது, ஏனென்றால் பழைய விதியில் என் டேபிளில் விழுந்த நல்ல சொல் ‘காட்டு’. திருடன் என்று சந்தேகப்பட்டுப் பிடித்த ஆள் அரை மணி நேரமாகச் சாதிக்கிறான், கிளெரிக் அலுத்துப்போய் ‘காட்டு’ என்றார். எதை என்று சொல்லவில்லை. அவன் மனதில் எதை ஒளிக்க நினைத்துக்கொண்டிருந்தானோ அதைக் காட்டினான், இடது காலணியைக் கழற்றி. சாவி அங்கேதான் இருந்தது. எங்கள் டேபிளில் இதற்கு மட்டும் இன்னும் 2014 விதிதான்.

இனி உங்கள் டி.எம்.மை எப்படிக் கையாள்வது. ‘இதை வைத்து இப்படிச் செய்யலாமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் அவர் தலைக்குள் அபாய மணி அடிக்கும், இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஒவ்வொரு சண்டையிலும் இதையே செய்வார்களே என்று. அதற்குப் பதில் என்ன ஆக வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள்: ‘அந்தக் காவல்காரன் ஒரு நிமிடம் இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது, அதற்கு மைனர் இல்யூஷனில் பூனைச் சத்தம் போடுகிறேன், மந்திரத்தில் இந்த வரி இருக்கிறது.’ வரியைப் படித்தே காட்டுங்கள். டைஸ் உருட்டத் தயார் என்று நீங்களே சொல்லுங்கள், தோற்கவும் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் முக்கால்வாசி டி.எம்.கள் இறங்கி வருவார்கள். ஸ்லாட்டைச் செலவழிப்பதற்கு முன்னால் கேளுங்கள், பின்னால் கேட்டு அவர் மறுத்தால் அன்றைய ஆட்டமே கசந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகும் எல்லாவற்றுக்கும் மறுப்புதான் என்றால், சரி, அவர் கறார்தான்.

உங்களுக்கு இருக்கிற மூன்று கான்ட்ரிப்பில் ஒன்றை அடிக்கிற மந்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வீறாப்புக்கு அதை விட வேண்டாம். மற்ற ரெண்டு இடத்துக்கு மைனர் இல்யூஷனும் மெண்டிங்கும் என்பது என் ஓட்டு, கடிதக் கதை பிடித்திருந்தால் மைனர் இல்யூஷனை விட்டுவிட்டு ப்ரெஸ்டிடிஜிடேஷன். அடுத்த ஆட்டத்துக்கு உட்காரும்போது உங்கள் டேபிளில் ஓடுவது 2014 புத்தகமா 2024 புத்தகமா என்று கேட்டுவையுங்கள், முக்கியமாகக் கையில் தீப்பந்தத்தோடு கிரீஸ் பக்கம் போகிற உத்தேசம் இருந்தால்.